கறிவேப்பிலைத் தொட்டியில் துளைகள்

வாசல் விளக்கைப் போட்ட கையோடு தகரக் கூரையில் ஏதோ டொக்கென்று மோதி, உருண்டு, புனிதாவின் காலடியில் மல்லாக்க விழுந்தது. குனியாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது, கொம்பு வண்டு. பத்து காஜா ஊரைச் சுற்றியிருக்கும், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காடுகளில் இளங்குருத்தைத் துளைத்துத் தின்று மரத்தையே சாகடிக்கும் அந்தக் கறுப்பு வண்டைத் தினமும் எட்டு மணி நேரம் கையிலெடுத்துப் புரட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. பழக்கதோஷம், இதையும் கை தானாகப் புரட்டியது. வால்பக்கம் பழுப்பு முடி அடர்ந்திருந்தது. பெண்.

அதில் தப்பில்லை. செம்பனை இருக்கும் ஊரில் பெண் வண்டு வராமல் வேறு யார் வருவார்கள். ஆனாலும் மனசு கேட்காமல், பையில் கிடந்த நீல டார்ச்சை அதன் முகத்தில் அடித்து, வேலைக்குப் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வண்டின் கண்கள் இரண்டும் சிவப்பாக எரிந்தன.

அவள் வேலை செய்யும் ஆராய்ச்சி நிலையத்து வண்டுக்கு மட்டும்தான் கண் அப்படி எரியும். மூடிப்போன ரப்பர் தோட்டத்தின் பழைய ஸ்டோருக்கு வெள்ளையடித்து, ஏர்கோன் போட்டு, அங்கே வண்டின் மரபணுவைத் திருத்தி வளர்க்கிறார்கள். ஆண்களை மட்டும் காட்டில் விடுவார்கள். அவற்றுக்குப் பிறக்கும் பெண்கள் புழுப் பருவத்திலேயே செத்துவிடும், சில தலைமுறையில் பூச்சி ஒழிந்துவிடும் என்று ஏற்பாடு. நிலையத்துக்குள் மட்டும் இனம் பெருக வேண்டுமே, அதற்காகத் தீனியில் ஒரு மருந்து கலப்பார்கள். மருந்து தின்றால் பெண் பிழைக்கும். வெளியே அதற்கு வழியே இல்லை. வழியில்லாத அந்த வண்டு அவள் விரலை ஆறு கால்களாலும் பற்றிக்கொண்டு கீச்கீச்சென்று கத்தியது.

உதறிச் செருப்பால் மிதித்தாள். மக்கிப்போன செம்பனைத் தண்டின் இனிப்பு வாடை எழுந்தது.

"என்னா சத்தம் புனிதா?" உள்ளேயிருந்து தேவன் கேட்டான்.

"ஒண்ணுமில்லங்க. வண்டு."

அவள் புருஷன் தேவன் பத்து வருஷம் செம்பனைப் பழக்குலை லோரி ஓட்டியவன். இனிப்புநீர் வியாதி முற்றி, குதிகாலில் வந்த புண் உள்ளே குகை மாதிரிப் போய்விட்டது. எட்டு மாதமாக அந்தப் பாதத்தில் உணர்ச்சி இல்லை, விரலும் அசைவதில்லை. இந்த மாதக் கடைசிக்குள் ஆறாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "கால எடுத்துட்டா லோரி ஏற முடியாதுலா. பொறவு நான் எதுக்கு?" என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்வான்.

பாத்திரம் கழுவும்போதுதான் படுக்கை மண் நினைவுக்கு வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

வண்டு வளர்க்கும் பெட்டிகளில் மக்கிய தண்டுத்தூள் பரப்பியிருக்கும். அதற்குப் படுக்கை மண் என்று பெயர். மாற்றும்போது பழையதை மூன்று நாள் உறையவைத்து, பிறகு எரிக்க வேண்டும் என்பது சட்டம். கறுகறுவென்று, கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும் அதை எரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள், எரு என்று ஒன்றைக் கண்டால் விடமாட்டாள். போன வருஷம் இரண்டு சாக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து கறிவேப்பிலைக்கும் ரோஜாவுக்கும் போட்டாள். முட்டை கிட்டை இருந்தாலும் பெண்கள் மருந்தில்லாமல் தானே செத்துவிடும் என்று நினைத்தாள்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் கறிவேப்பிலைத் தொட்டியைக் கவிழ்த்தாள். மண்ணில் கட்டைவிரல் நுழையும் துளைகள். ஒன்று, இரண்டு, பதினொன்று. சுவரெல்லாம் வழவழவென்று தேய்ந்த வெற்று அறைகள். எல்லாம் கிளம்பிப் போயிருந்தன.

நிலையத்து அதிகாரி யுகேந்திரனுக்குப் போன் போட்டாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டாள்.

"சார், சும்மா கேக்குறேன். நம்ம பொம்பள வண்டு வெளிய உயிரோட இருக்குமா?"

"இருக்காதுலா புனிதா. மருந்து கெடச்சா இருக்கும். காட்டுல யாரு போயி அதுக்கு மருந்து குடுக்கப் போறா?"

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் வேலை போகும், வீட்டில் இப்போது சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். "சரி சார்" என்று வைத்தாள். மேசைமேல் புண்ணுக்காகத் தேவன் தின்னும் கேப்சூல் அட்டை கிடந்தது. அதிலிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். நிலையத்தில் தீனி மருந்து டிரம்மில் ஒட்டியிருக்கும் அதே நீளமான பெயர். இரண்டையும் தினமும் பார்த்தவள்தான், ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை.

காலையில் ஒன்று, அந்தியில் ஒன்று. எட்டு மாதமாக அவன் தின்கிறான். நடக்க முடியாமல் போத்தலில் சிறுநீர் கழிக்கிறான், தின்ற மருந்தும் அதோடு வெளியேறும். அதைத் தண்ணீர் கலந்து கறிவேப்பிலை வேரில் ஊற்றியது யார்? லயத்தில் எல்லாரும் செய்ததுதான். ஒன்றையும் வீணாக்காத கை. அந்தக் கையை அவள் வெறுத்தாள்.

அன்றே ஊற்றுவதை நிறுத்தினாள். தொட்டி மண்ணை மண்ணெண்ணெய் விட்டு எரித்தாள்.

அதன்பின் அந்திதோறும், பொழுது இறங்கி விளக்கு ஏற்றும் அந்த அரைமணி நேரம், அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கண்ணாடி ஜன்னலின் பட்டைகளில் கால்கள் பிறாண்டும் சத்தம், கூரைக்கும் பலகைக்கும் நடுவே எதுவோ நகர்ந்து நின்று மறுபடி நகரும் சத்தம், தேவன் படுத்திருக்கும் கூடத்துச் சுவருக்குள் கறக் கறக்கென்று மெல்லும் சத்தம் என்று ஒன்று மாற்றி ஒன்று கேட்க, அவள் டார்ச்சும் கண்ணாடியுமாக அறை அறையாக நடந்தாள். ஒரு வண்டையும் காணவில்லை. கேப்சூலை நிறுத்திவிடலாமா என்று நூறு தடவை யோசித்தாள். நிறுத்தினால் சீழ் ஏறும், கால் போகும். நிறுத்தவில்லை.

ஒருநாள் கட்டுத்துணியின் ஓரம் பிய்ந்திருந்தது. உள்ளே போன குழியை அவள் எட்டிப் பார்க்கவில்லை. துணியை மாற்றிக் கட்டினாள்.

பிறகு சத்தம் நின்றது. முழுவதும்.

புண்ணும் ஆறத் தொடங்கியது. கிளினிக்கில் மருந்து கட்டும் மிஸ்ஸி கறுப்புச் சதையெல்லாம் போய்விட்டது, வாய் மூடிவருகிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். அழுகல் நாற்றமும் போயிருந்தது. அதற்குப் பதில், வண்டை மிதித்த அன்று எழுந்தது போல லேசான இனிப்பு வாடை. களிம்பின் வாடைதான் என்று புனிதா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலை எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று, பஸ்ஸில் எல்லாரும் பார்க்க அழுதாள்.

மாதக் கடைசி. அந்தி. அடுப்பில் சோறு.

"புனிதா, இங்க வாயேன்." தேவனின் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. "பாரு. வெரல் அசையுது."

வந்தாள். முக்காலிமேல் அவன் கால். கட்டில்லை. குதிகாலில் புதுத்தோல் மூடியிருந்தது.

பெருவிரல் அசைந்தது. பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது.

"தொட்டுப் பாரு."

தொட்டாள். சூடு. தோலுக்கடியில் ஏதோ உருண்டு விலகியது. நகத்தின் பின்னாலிருந்து மெல்லிய சத்தம். கறக். கறக்.

"எனக்கு ஒண்ணும் தெரியல, ஆனா தானா அசையுதுலா." அவன் கண் நிறைந்திருந்தது. "மருந்து நேரமாச்சு. கொண்டா."

அவள் கை அட்டையை எடுத்தது. வேறென்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. கட்டைவிரலால் அழுத்தினாள். அட்டையின் ஈயத்தாள் படக்கென்று கிழிந்தது.

அந்தச் சத்தத்துக்கே காத்திருந்தது போல ஐந்து விரல்களும் அசைவதை நிறுத்தின.

தேவன் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தான்.