லெவ்கோவின் தட்டில் எரிந்த மெழுகுவத்தி

தெக்லாவின் சமையலறை மேசைமேல் லியுபா ஒரு தட்டை வைத்தாள். அதில் ஒரு கரண்டி குத்யா காய்ந்துபோயிருந்தது. கோதுமையும் கசகசாவும் தேனும் சேர்த்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்தில் முதலில் பரிமாறும் இனிப்பு. அதன் நடுவே உருகி இறுகிய மெழுகு.

"யாரு வெச்சதுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க அக்கா. உயிரோட இருக்கற என் புள்ளையைப் பொதைச்சவ யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

தெக்லா கனடாவின் வின்னிபெக் நகரில் துப்பறிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வாயைத் திறப்பதற்குள் கூட வந்திருந்த மோட்ரியா முந்திக்கொண்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் மோட்ரியாதான் உக்ரேனிய மகளிர் சங்கத்தின் செயலாளர்.

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? நம்ம தலைவி பவுலீனாதான். 'எத்தனை நாள் காத்திருப்பே, ஒரு மெழுகுவத்தியை ஏத்தி அழுது முடி'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னவளாச்சே!"

"சொன்னவதான் செஞ்சிருக்கணுமா? நேத்து நடந்ததை முதல்லேருந்து சொல்லு."

தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் விருந்து. இறந்தவர்களுக்கென்று ஜன்னலோரம் ஒரு பொதுத் தட்டு, மெழுகுவத்தியோடு. லியுபா தன் பக்கத்தில் இன்னொரு தட்டு வைத்திருந்தாள்; வெறும் தட்டு, ஒரு கரண்டி. உக்ரேன் போர்முனையில் காணாமல்போன மகன் லெவ்கோவுக்காக. வெளியூர் போனவர்களுக்கு அவள் வீட்டில் அப்படி வைப்பது வழக்கம். முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே விருந்து தொடங்கும்; அதைப் பார்க்க எல்லோரும் வெளியே போனார்கள். உள்ளே இருந்தது இரண்டே பேர்: அடுப்படியில் பவுலீனா, கூடத்தில் கரண்டி அடுக்கிக்கொண்டிருந்த லெவ்கோவின் மனைவி சொலோமியா.

"ஒரே மேகம். குளிர் மூக்கைக் கடிச்சுது. 'நட்சத்திரம் வந்துட்டதா நெனச்சுக்குவோம்'னு உடனே திரும்பிட்டோம். பார்த்தா லெவ்கோ தட்டுல குத்யா, அதுல மெழுகுவத்தி எரியுது! லியுபா ஊதி அணைச்சு, பிடுங்கிக் குப்பையில எறிஞ்சா. அந்தக் களேபரத்துல, வாசல்ல மாட்டின கோட்டுக்குள்ள சொலோமியா போன் வேற அடிச்சுக்கிட்டே கிடந்துச்சு."

"கோட்டுக்குள்ளயா?"

"ஆமா. அதுக்கென்ன?"

தெக்லா ஒரு முள்கரண்டியால் குத்யாவை மெல்லக் கிளறினாள். "இதுல என்னென்ன போட்டீங்க?"

"கசகசா, தேன், வாதுமை, திராட்சை. திராட்சையை அள்ளிப் போட்டவளே நான்தான்."

முள்கரண்டி நின்றது.

"லியுபா, இதை இத்தோட விட்டுடேன்மா."

"முடியாது. சாயங்காலக் கூட்டத்துல அவளைத் தலைவி பதவியிலேருந்து இறக்கறோம். நானும் மருமகளும் இருக்கறது அவ வீட்டுக் கீழ்த்தளத்துலதான். இந்தப் பனியில தெருவுல நின்னாலும் சரி, இனி அவ கூரைக்கடியில படுக்க மாட்டோம்."

சாயங்காலம் கூட்டத்துக்கு முன்பே தெக்லா லியுபாவையும் மோட்ரியாவையும் தேவாலயக் கூடத்துச் சமையலறைக்கு வரவழைத்தாள். பவுலீனா கொழுக்கட்டை மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். சொலோமியா விளிம்புகளைக் கிள்ளி மூடிக்கொண்டிருந்தாள்.

"நான் வாய் கெட்டவதான், ஒத்துக்கறேன். ஆனா நேத்து அடுப்பை விட்டு நகரலை. நகர்ந்திருந்தா கொழுக்கட்டையெல்லாம் கரைஞ்சு நீங்கள்லாம் கூழ்தான் குடிச்சிருப்பீங்க" என்றாள் பவுலீனா.

"பேச்சைப் பாரு!" என்று சீறினாள் மோட்ரியா.

தெக்லா சொலோமியாவைப் பார்த்தாள். "நீயே சொல்றியாம்மா?"

சொலோமியா அடுத்த கொழுக்கட்டையைக் கிள்ளினாள்.

"அப்போ நான் சொல்றேன். இந்தக் குத்யாவுல ஒரு திராட்சைகூட இல்லை. யாரோ ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்திருக்காங்க. வெறுப்புல வெக்கறவ அப்படிப் பொறுக்குவாளா? எல்லாரும் நட்சத்திரத்தைத் தேடி முடிக்கறதுக்குள்ள அணைச்சு, தட்டைத் துடைச்சுடலாம்னு நெனச்சிருக்கா. மேகம் ஏமாத்திடுச்சு."

"லெவ்கோ திராட்சை தொட மாட்டான்" என்றாள் லியுபா மெதுவாக. "பவுலீனாவுக்கு அது எப்படித் தெரியும்?"

"தெரியாது. இன்னொண்ணு. ஊர்லேருந்து செய்தி வருமேன்னு, போருக்குத் தப்பிப் புதுசா வந்தவங்க எல்லாரும் சாப்பிடறப்பவும் போனைத் தட்டுப் பக்கத்துலயே வெச்சிருப்பீங்க. நேத்து ஒருத்தி போன் மட்டும் கோட்டுக்குள்ள கிடந்துது. அவளுக்கு வர வேண்டிய செய்தி வந்துடுச்சு."

லியுபா மருமகள் பக்கம் திரும்பினாள்.

"புதன்கிழமை ஊர்லேருந்து கூப்பிட்டாங்கம்மா" என்றாள் சொலோமியா. "கிடைச்ச உடம்போட டிஎன்ஏ நீங்க குடுத்த ரத்தத்தோட ஒத்துப்போச்சாம். பண்டிகை முடியட்டும்னு வாயை மூடிக்கிட்டேன். ஆனா நேத்து செத்தவங்க எல்லாரும் சாப்பிட வருவாங்களேம்மா. அவன் தட்டு மட்டும் காலியா இருந்தா, பசியோட போயிடுவானேன்னு..."

மோட்ரியா ஒரு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பவுலீனா அடுப்பை அணைத்துவிட்டுக் கையில் ஒட்டிய மாவைத் துடைத்தாள். அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

லியுபா அழவில்லை. மருமகளின் மாவு படிந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத் திராட்சையையும் எடுத்தியா?"

"எடுத்தேம்மா."

"அப்போ சாப்பிட உக்காந்திருப்பான்" என்றாள் லியுபா. "நான்தான் ஊதி அணைச்சேன்."