ஆணி பிடுங்கிய மத்தியானம்

நடுப்பகலில் பச்சை மரத்தின் வாசனை வந்தது. சோறு வடித்துக்கொண்டிருந்த மணிமொழி கையை நிறுத்தினாள். கஞ்சியின் ஆவி, அடுப்புப் புகை, கொடியில் காயும் ஈரத்துணி, எல்லாவற்றையும் தாண்டி, அப்போதுதான் பிளந்த புளியங்கட்டையின் துவர்ப்பு வாசனை மூக்கின் இடப்பக்கத்தில் மட்டும் ஏறியது. வீட்டில் புளியங்கட்டை கிடையாது.

வலி வருவதற்கு முன்னால் இப்படித்தான் ஏதாவது ஒரு வாசனை வரும்.

பதினோரு வருடம் அந்த ஒற்றைத் தலைவலியோடு கிடந்தவள் அவள். தலைவலி வராதவர்களுக்கு எப்படிச் சொல்ல, கண்ணுங்களா! இடக்கண்ணுக்குள் ஒருத்தன் உட்கார்ந்து உளியால் கொத்துவான். வெளிச்சம் பட்டால் குடல் வெளியே வரும். கள்ளக்குறிச்சி டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். சேலத்து டாக்டர், "மனசைச் சந்தோஷமா வெச்சுக்கம்மா" என்று அனுப்பிவிட்டார். கட்டிய புருஷன் ராஜாங்கம் அதைக்கூடச் சொல்லவில்லை. "களை வெட்டக் கூப்புட்டா மட்டும் கரெக்டா வந்துடுதே, உன் தலவலி இன்னா கெடிகாரம் கட்டிக்கினு வருதா?" என்று நாலு பேர் சிரிக்கக் கேட்பான்.

கடைசியில் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள்தான் அவளைக் கச்சிராயபாளையம் சாலைக்கு அழைத்துப் போனாள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த மந்திரக்காரர் வேடியப்பன், அவள் நெற்றி முடியில் ஒரு கற்றையை ஆணியில் சுற்றி, சாலையோரப் புளியமரத்தில் அறைந்தார். பிறகு முடியைக் கத்தியால் அறுத்து அவளை விடுவித்தார். அந்த மரம் முழுக்க முடி சுற்றிய ஆணிகள். எல்லாம் பெண்களின் முடி; லட்சுமியம்மாளுடையதும் இருந்தது.

"வலி பச்ச உசுர்ல எறங்கிட்டா அங்கயே தங்கிடும்மா. புடுங்கினா வூடு தேடி வந்துடும். அப்புறம் வேற உசுர்லதான் எறக்கணும்," என்றார் வேடியப்பன்.

அதோடு வலி நின்றது. அதன்பிறகு மணிமொழி வெயிலில் நிமிர்ந்து நடந்தாள்.

இது மறியல் வாரம். இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஆண்கள் எல்லாம் மரங்களை வெட்டிச் சாய்த்துச் சாலையை மறித்துக்கொண்டிருந்தார்கள். கேட்பது நியாயம் என்றுதான் மணிமொழியும் நினைத்தாள். அவள் மகன் படிப்புக்கும் சேர்த்துத்தானே. காலையில் கோடாலியோடு கிளம்பிய ராஜாங்கத்திடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"எந்த மரத்த வேணா வெட்டுங்க. அந்த ஆணி மரம் மட்டும் வேணாங்க."

"பொம்பளைங்க தலவலிக்கோசரம் ரோட்ட தொறந்து வுடச் சொல்றியா?" அவன் சிரித்துக்கொண்டே போனான்.

இப்போது வாசனை கெட்டியானது. பஸ் ஓடாத ஊரின் அமைதியில், தெருக்கோடியில் ஒரு பெண் "ஐயோ" என்றாள். சற்றுப் பொறுத்து அடுத்த வீட்டில் இன்னொருத்தி. எங்கோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டுகொண்டே இருந்தது. அடுத்த வீடு. அதற்கும் அடுத்தது. எதுவோ நடந்து வந்தது. லட்சுமியம்மாள் வீட்டில் சுவரில் தலை மோதும் சத்தம்.

மணிமொழி கதவைத் தாழிட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். மூச்சைப் பிடித்தாள்.

கதவு அதிர்ந்தது.

"தொறடி, நான்தான்."

ராஜாங்கம். அவனை உள்ளே விட்டு மறுபடி தாழிட்டாள். அவன் துண்டில் கட்டியிருந்த மூட்டையைக் கூடத்தில் கொட்டினான். ஆணிகள். ஒவ்வொன்றிலும் முடி. நரைத்தது, செம்பட்டை, சிறு பெண்ணின் பூஞ்சை முடி.

"வெட்டிச் சாச்சிட்டு ஒன்னு வுடாம புடுங்கிக்கினு வந்தேன். காயலாங்கடைக்கு ஆவும்."

"வேற மரம் ஒன்னாவது நிக்குதாங்க?"

"மலையடி வரைக்கும் ரோட்டுல ஒத்த மரம் இல்ல. எல்லாம் படுத்துடுச்சி." பாயில் சாய்ந்தான். "நீயும் தலயக் கட்டிக்கினு படுத்துடாத. சோத்தப் போடு."

சோறு வருமுன்னே குறட்டை வந்தது.

வலியும் வந்தது. இடக்கண். உளி. வெள்ளை. வெறும் வெள்ளை.

பதினோரு வருடம் அழுதவள். இந்த முறை அழவில்லை. ஒரே ஒரு மரம் கேட்டேன். ஒரே ஒரு மரம்.

வாசலில் மூச்சுகள். நிறைய மூச்சுகள். தாழை நீக்கினாள்.

தெருப் பெண்கள். முன்னால் லட்சுமியம்மாள். ஒவ்வொருத்தியும் தலையை ஒரு கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். கண்கள் ஆணிகளைப் பார்த்தன. பிறகு மெல்ல, பாயில் ஏறி இறங்கும் மார்பைப் பார்த்தன.

"அவங்கவங்களுத எடுத்துக்கங்க," என்றாள் மணிமொழி. தன் ஆணியில் நெற்றி முடியைச் சுற்றினாள். அம்மிக் குழவியைத் தூக்கினாள்.

ராஜாங்கம் கண் திறந்தான். சுற்றிலும் குனிந்த தலைகள். அவிழ்ந்த கூந்தல்கள் அவன் முகத்தின்மேல் இருட்டாகத் தொங்கின.

"இன்னாடி இது?"

லட்சுமியம்மாள் அவன் தலையை, பிள்ளைக்குப் பொட்டு வைப்பவள்போல, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆடாம இரு தம்பி," என்றாள் இதமாக.

வெளியே வெயில் கொளுத்தியது. பெண்களின் வரிசை வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, சாலை வரைக்கும் நீண்டிருந்தது.