வாசல் தாண்டாத பக்கம்

மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். வீட்டுக்குள்ளேயே இருந்த பட்டறையின் பூட்டைத் திறந்து உள்ளே ஓரடி வைத்த உளியம்மா, வைத்த காலை எடுக்காமல் நின்றாள். அச்சு இயந்திரத்தை ஒட்டிய கல்மேசையில் இரும்புச் சட்டம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதற்குள் இருக்க வேண்டிய பக்கத்தைக் காணோம்.

பக்கம் என்றதும் காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, சுற்றிலும் மரத்துண்டு கொடுத்து, சட்டத்துக்குள் இறுக்கி வைத்த பக்கம். நடை பழகும் குழந்தையின் கனம் இருக்கும். மடியில் கட்டிக்கொண்டு நழுவுகிற சமாச்சாரம் இல்லை.

இரண்டரைக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். அன்று காலையில்தான் அவர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். வாய் பாதிதான் திறந்தது. அதனால் கேள்விகளெல்லாம் பொடிப்பொடியாக வந்து விழுந்தன.

"என்ன போச்சு?"

"என் பேரு," என்றாள் உளியம்மா.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற டைரக்டர் பெண் அவசரமாகக் குறுக்கே புகுந்தாள். "அக்காவைப் பத்தி ஒரு ஆவணப்படம் எடுக்கறேன் மேடம். பெரிய முதலாளி யாரும் கிடையாது. இணையத்துல பொதுமக்கள்கிட்ட கொஞ்சம் கொஞ்சமா நிதி திரட்டறோம். இன்னைக்கு ஆறு மணியோட கெடு முடியுது. குறிச்ச தொகை சேரலைன்னா, சேர்ந்ததெல்லாம் கொடுத்தவங்களுக்கே திரும்பிப் போயிடும். படம் அம்போ."

"சேர்ந்துச்சா?"

"இன்னும் கால் பங்கு பாக்கி. அஞ்சு மணிக்கு நேரலை. அக்கா இந்தப் பக்கத்தை எல்லார் கண்ணு முன்னாடியும் அச்சடிக்கணும். அதைப் பாத்துட்டுத்தான் கொடுப்போம்னு ஒரு கூட்டமே காத்துக்கிட்டிருக்கு."

"ஏன்?"

"நான் பொய்க்காரின்னு ஒரு பேச்சு உலாவுது," என்றாள் உளியம்மா. "அதான்."

நாட்டில் பாதிப் புத்தகங்கள் 'பெரியவர் எழுத்து' என்ற எழுத்துருவில்தான் அச்சானவை. பெரியவர் என்பவர் உளியம்மாவின் அண்ணன். பட்டம் வாங்கினார், மாலை வாங்கினார், மூன்று வருடத்துக்கு முன்னால் காலமானார். ஆனால் அந்த எழுத்துகளை ஈயத்தில் வார்ப்பதற்கான மூல அச்சுகளை எஃகில் வெட்டியது பின்னறையில் உட்கார்ந்திருந்த தங்கை. உளியைப் பிடித்துப் பிடித்து அவள் வலது ஆள்காட்டி விரலே ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. காணாமல் போன பக்கத்தின் முதல் வரி இதுதான்: 'இந்த எழுத்தை வெட்டியவள் நான்.'

"வீட்ல யார் யார் இருந்தீங்க?"

நான்கு பேர். உளியம்மா. டைரக்டர் பெண். பெரியவரின் மனைவியான அண்ணி. நான்காவது ஆள், வெள்ளைச் சட்டையில் கசங்கல் விழாமல் உட்கார்ந்திருந்த கம்பெனிக்காரர். பெரியவர் எழுத்தைக் கணினிக்கு மாற்றி விற்கும் நிறுவனம் அவருடையது.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"உதவி பண்ணத்தான் மேடம். படத்துக்கு முழுப் பணமும் நானே தர்றேன், அந்த முதல் வரியை மட்டும் எடுத்துடுங்கன்னு சொன்னேன்."

"அவங்க?"

"வாசல் அந்தப் பக்கம்னாங்க."

"போகலையா?"

"சாப்பிட்டுப் போங்கன்னு அண்ணி சொன்னாங்க," என்று இழுத்தார் அவர்.

பன்னிரண்டரைக்கு உளியம்மா பட்டறையைப் பூட்டிச் சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டியிருக்கிறாள். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் கண்ணயர்ந்திருக்கிறாள். கம்பெனிக்காரர் முன்னறையில் தொலைபேசியே கதியென்று இருந்திருக்கிறார். அண்ணி பாத்திரம் கழுவிவிட்டுத் தலைவலி என்று பின்னறையில் படுத்திருக்கிறாள். சாவியை யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம், திரும்ப மாட்டியிருக்கலாம். ஆனால் டைரக்டர் பெண் வாசற்படியிலேயே கேமராவை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தாள். பட்டறை ஜன்னலுக்குக் கம்பி. வீட்டின் பின்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். வாசல் வழியாக ஒரு ஈ எறும்புகூட எதையும் தூக்கிக்கொண்டு போகவில்லை.

இன்ஸ்பெக்டரோடு வந்த ஏட்டு வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். பரணில் இல்லை, தண்ணீர்த் தொட்டியில் இல்லை, கட்டிலுக்கு அடியில் இல்லை. பட்டறையில் எழுத்துப் பெட்டி அடுக்கிய மரத்தாங்கியைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கேயும் இல்லை. நகர்த்தியதில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"அந்தப் பெட்டியில என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணுமில்ல, காலி," என்றாள் உளியம்மா கதவருகிலிருந்தே. "புதுசா வார்த்த எழுத்து அந்த ஒரு பக்கத்துக்கே சரியாப் போச்சு."

இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அண்ணி வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். "கொப்பளிங்கம்மா, வலி குறையும்."

"பட்டறைக்குப் போவீங்களா?"

"நானா? எனக்கும் அந்த அறைக்கும் ஸ்நானப் பிராப்தியே கிடையாது. ஈயம், மை, எண்ணெய்… அதெல்லாம் அவங்க பாடு."

மணி மூன்றேகால். இன்ஸ்பெக்டர் மட்டும் பட்டறைக்குத் திரும்பிக் கல்மேசையின் முன் நின்றார். காலிச் சட்டம். அதன் பக்கத்தில், பக்கத்தைச் சுற்றி இறுக்கியிருந்த மரத்துண்டுகள். அவை வீசிக் கிடக்கவில்லை. பெரியது கீழே, சிறியது மேலே என்று அளவு பார்த்து அடுக்கியிருந்தது. பக்கத்தைத் திருடிக்கொண்டு ஓடுகிறவனுக்கு மரத்துண்டை அடுக்க எங்கே நேரம்?

காலிப் பெட்டியை நகர்த்த ஏட்டுக்கு எதற்கு மூச்சு வாங்க வேண்டும்?

மேல் பெட்டியைப் பிடித்து இழுத்தார். அது சிணுங்கிக்கொண்டு நகர்ந்தது. சின்னச் சின்ன அறைகள் நிறைய ஈய எழுத்துகள் பளபளத்தன.

"எல்லாரும் இங்க வாங்க," என்று கத்தினார். கத்தியதில் பல்லிடம் சுளீரென்றது.

வந்தவர்களுக்கு இன்ஸ்பெக்டர் பெட்டியைக் காட்டினார். "பக்கம் வெளியவே போகல. கட்டைப் பிரிச்சு, எழுத்தை ஒண்ணொண்ணா அதது அறையில போட்டிருக்காங்க. எல்லாரும் பக்கத்தைத் தேடினோம். எழுத்தைத் தேடல."

கம்பெனிக்காரர் கைதட்டாத குறைதான். "ஒரு மணி நேரத்துல இதைப் பிரிச்சுப் போடறதுன்னா, தொழில் தெரிஞ்ச கை வேணும் மேடம். இங்க அச்சுக் கோக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தர்தான். பரபரப்புக்காக அவங்களே செஞ்சிருக்காங்க!"

டைரக்டர் பெண்ணின் முகம் வெளுத்தது. உளியம்மா கம்பெனிக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கண்ணை மூடுங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு 'ம' எடுங்க."

உளியம்மா கண்ணை மூடிக் கையை நீட்டி ஒன்றை எடுத்தாள். அது 'ட'. மறுபடி 'ந' கேட்டார். வந்தது 'வ'. மூன்றாவதும் வேறு எழுத்து. உளியம்மா கண்ணைத் திறந்து பெட்டியைக் கூர்ந்து பார்த்தாள்.

"இது என் அடுக்கு இல்ல. என் கைக்கு வசதியா அறைகளையெல்லாம் நான் எப்பவோ மாத்திட்டேன். இது எங்கப்பா அச்சகத்து அடுக்கு."

"அப்போ பிரிச்சுப் போட்டது நீங்க இல்ல. அப்பாகிட்ட வேலை பழகினது யாரு?"

"நானும் அண்ணனும்."

"வேற யாரும்?"

உளியம்மா தரையைப் பார்த்தாள். அத்தனை நேரம் யாருக்கும் தாழாத கண் அது.

இன்ஸ்பெக்டர் பெட்டியிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துக் கம்பெனிக்காரரின் உள்ளங்கையில் வைத்தார். அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார். அடுத்து டைரக்டர் பெண். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடுத்து அண்ணி. அவள் எழுத்தைப் பார்க்கவே இல்லை. கையில் விழுந்த மாத்திரத்தில் அவள் கட்டைவிரல் அதை அரைச் சுற்றுச் சுற்றி நிறுத்தியது.

"அப்படியே இருங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒவ்வொரு எழுத்துக்கும் உடம்புல ஒரு பள்ளம் இருக்கு. எதுக்கும்மா அது?"

"எழுத்து தலைகீழாப் போயிடாம இருக்க," என்றாள் உளியம்மா மெல்ல. "கோக்கறவங்க விரல் அதைத் தடவிப் பாத்தே திருப்பிக்கும்."

"இவங்க விரலும் திருப்பிக்கிச்சு. பட்டறைப் பக்கமே போகாதவங்க விரல். இந்தப் பக்கத்தைப் பிரிச்சது நீங்கதாம்மா."

அண்ணி கையை மூடிக்கொண்டாள். அழவில்லை. "ஆமா. கல்யாணத்துக்கு முன்னாடி மாமனார் அச்சகத்துல கோத்துக்கிட்டிருந்தவ நான். அங்கதான் அவர் என்னைப் பாத்தார்."

"தெரிஞ்சும் சொல்லலையே?" என்று இன்ஸ்பெக்டர் உளியம்மாவைக் கேட்டார்.

"எனக்குச் சோறு போட்டவங்க."

"சோறு போட்டவளுக்கு நீ என்ன செய்யப் போன?" என்று திரும்பினாள் அண்ணி. "செத்துப் போன மனுஷன் பேரை உலகமே பாக்கக் கிழிக்கப் போற. நான் பாயசம் வச்சு வேடிக்கை பாக்கணுமா?"

"ஒரு சந்தேகம்," என்றார் இன்ஸ்பெக்டர். "மொத்தத்தையும் தரையில தள்ளிவிட்டிருந்தா ஒரு நிமிஷ வேலை. யார் செஞ்சதுன்னும் தெரிஞ்சிருக்காது. ஏன் இவ்வளவு நேரம் நின்னு…"

அண்ணி விழித்தாள். "கொட்டறதா? எழுத்தை யாராவது கொட்டுவாங்களா?"

மணி நான்கு. புகார் எழுதலாமா என்று ஏட்டு கேட்டார். உளியம்மா தலையசைத்து மறுத்தாள்.

டைரக்டர் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். "அக்கா, ஒரு மணி நேரத்துல இந்த அடுக்குல உங்களால கோக்க முடியாது. நேரலையை ரத்து பண்ணிடலாமா?"

கம்பெனிக்காரர் தொண்டையைச் செருமினார். "நான் சொன்னது இப்பவும் அப்படியேதான் இருக்கு. ஒரே ஒரு வரி…"

"உங்களுக்கு வாசலைக் காலையிலயே காட்டிட்டேன்," என்றாள் உளியம்மா. "நீ கேமராவைப் போடும்மா. அண்ணி, நீங்க இங்கேயே நில்லுங்க."

ஐந்து மணி. திரைக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாத கூட்டம் காத்திருந்தது. உளியம்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை. பெட்டியை இரு கையாலும் உருவினாள். கல்மேசைமேல் அப்படியே கவிழ்த்தாள்.

ஈயம் ஆலங்கட்டி மழையாகக் கொட்டியது. "அடிப்பாவி!" என்று அலறினாள் அண்ணி.

"பக்கம் கட்டித்தான் வச்சிருந்தேன். பிரிச்சுட்டாங்க," என்றாள் உளியம்மா கேமராவைப் பார்த்து. "பரவாயில்ல. அறை தெரிஞ்சா யார் வேணும்னாலும் அச்சுக் கோக்கலாம். எனக்கு அறை வேண்டாம். வெட்டினவ நான்."

குவியலுக்குள் கையை விட்டாள். ஒன்றை எடுத்தாள், பார்க்காமல் தடவினாள். "இது 'ழ'. வால் உள்பக்கம் திரும்பற இடத்துல துளி தட்டையா இருக்கும். எஃகு அங்க முரண்டு பிடிச்சது, உளி இறங்கல. விட்டுட்டேன்." டைரக்டர் பெண் கேமராவை நெருக்கிக் கொண்டுபோனாள். தட்டையாகத்தான் இருந்தது. அடுத்தது 'வெ'யின் கொம்பு. "இதை மூணு தடவ வெட்டினேன். மூணாவதுலதான் நிமிர்ந்து நின்னுச்சு." இப்படியே ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. எந்த எழுத்துக்கும் அவள் தயங்கவில்லை.

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது வருடம் கூடவே வாழ்ந்த கணவர் ஓர் எழுத்தைப் பற்றிக்கூட இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.

ஐந்தே முக்காலுக்கு ஒரே ஒரு வரி கோத்து முடிந்தது. மை தடவி, காகிதம் வைத்து, கைப்பிடியை இழுத்தாள். காகிதத்தைப் பிரித்து எடுத்துக் கேமராவின் முன் பிடித்தாள். 'இந்த எழுத்தை வெட்டியவள் நான்.'

"அக்கா!" டைரக்டர் பெண் திரையைக் காட்டிக் குதித்தாள். "தாண்டிடுச்சு! கால் பங்கும் வந்து அதுக்கு மேலயும் போகுது!"

இன்ஸ்பெக்டர் வலியை மறந்து முழு வாயும் திறந்து சிரித்தார். உளியம்மா திரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு வரிதானே ஆச்சு," என்றாள். "பக்கம் முழுக்கப் பாக்கி இருக்கு. கேமராவை அணைக்காத."

மறுபடியும் குவியலுக்குள் கையை விட்டாள்.