சேற்றில் போன கூடைகள்

நண்டுமேட்டிலிருந்து திருப்பாலைவனம் போகும் மண்பாதையில் காலையிலிருந்து ஈ, காக்கை கூடப் போகவில்லை. எப்படிப் போகும்? பாதையோரத்தில் குடையை நட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தாரே!

"போறவங்க வர்றவங்களை எல்லாம் எண்ணுறான். கூடைக்கு வரி போடப் போறான்" என்று முதலில் சொன்னது ருக்குவின் அம்மா குணசுந்தரிதான். அவ்வளவுதான். ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள் எல்லாரும் பாதையை விட்டுவிட்டார்கள். தாழம்புதருக்குப் பின்னால் ஏரிச் சேற்றில் இறங்கி, கூடையும் தலையுமாகச் சந்தைக்குப் போனார்கள். முழங்கால் வரை சேறு. ஆனாலும் வரிக்காரனை ஏமாற்றிவிட்டோம் என்று அவர்களுக்கு ஒரே குஷி.

ருக்குவுக்கு வேறு கவலை. அவள் நான்காம் வகுப்பு. ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தோடு சரி; ஆறாம் வகுப்புக்குத் திருப்பாலைவனம் போகவேண்டும். "பஸ் வந்தா மேல படி. இல்லன்னா அம்மாகூட இறால் தடவப் போ" என்று நைனா சொல்லிவிட்டார். எழுபத்தெட்டில் நண்டுமேட்டுக்கு ரோடே கிடையாது. பஸ் எங்கே வரும்?

வெயில் ஏறியது. குடைக்காரரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் பெயர் எல்லப்பன். ரோடு போடும் ஆபீசிலிருந்து வந்திருந்தார்.

கேட்கலாமா வேண்டாமா என்று தவித்துவிட்டு, கேட்டேவிட்டாள். "கூடைக்கு இன்னா வரி சார்?"

அவர் சிரித்துவிட்டார். வரியெல்லாம் இல்லை என்று சொல்லி ஒரு வரைபடத்தை விரித்தார். அதில் ஏரி இருந்தது, ஊர்கள் இருந்தன, நடுவே கோடுகள். ஒரு வழியில் எவ்வளவு பேர் போகிறார்களோ, அவ்வளவு தடிமனாகக் கோடு போடுவார்களாம். தடித்த கோட்டுக்குத்தான் முதலில் ரோடு. நண்டுமேட்டின் கோடு தலைமுடி போல இருந்தது.

"உங்க ஊர்ல யாருமே வெளிய போக மாட்டாங்க போல. நான் சாயங்காலம் கிளம்பிடுவேன்" என்றார்.

ருக்கு யோசித்தாள். இவர் சொல்வது பொய்யாக இருந்தால்? அம்மா மாட்டிக்கொள்வாளே. ஆனால் சொல்லாவிட்டால் ரோடும் போச்சு, படிப்பும் போச்சு. அதற்குள் காற்று வேறு கிளம்பிவிட்டது. காற்று அடித்தால் ஏரித் தண்ணீர் சேற்றின்மேல் ஏறிவிடும். அப்புறம் காட்ட எதுவும் மிஞ்சாது.

"என்கூட வாங்க சார், சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

எல்லப்பன் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் ஓடினார். தாழம்புதரைத் தாண்டியதும் அவருடைய ஒரு செருப்பைச் சேறு பிடுங்கிக்கொண்டது.

சேறு முழுக்கக் காலடிகள். எல்லாம் திருப்பாலைவனம் பக்கமே போயிருந்தன. ஓரத்துக் காலடிகளைத் தண்ணீர் தொட ஆரம்பித்திருந்தது. அவர் அவசர அவசரமாக அந்த வழியை வரைபடத்தில் குறித்தார். ருக்கு தலையைக் குனிந்துகொண்டு நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"வழி தெரிஞ்சிடுச்சு" என்றார் அவர். ஆனால் முகம் வாடியிருந்தது. போகிற ஆட்களைக் கண்ணால் பார்த்தால்தான் கணக்கில் சேர்க்க முடியுமாம்.

அப்போது தூரத்தில் காலிக் கூடைகள் தெரிந்தன. சந்தையிலிருந்து திரும்பும் பெண்கள். முன்னால் வந்த அம்மா எல்லப்பனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"பாதையில ஏறி வாம்மா. வரிக்கு இல்ல, ரோட்டுக்குத்தான் எண்ணுறாரு." ருக்கு கையை ஆட்டிக் கத்தினாள்.

அம்மா முறைத்தாள். பிறகு மகளின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தாள். பாதையில் ஏறினாள். மற்றவர்களும் ஏறினார்கள்.

எல்லப்பன் ஒற்றைச் செருப்போடு ஓடிப்போய்க் குடைக்கடியில் உட்கார்ந்தார். பெண்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போனார்கள். கொஞ்ச தூரம் போன அம்மா திரும்பி வந்தாள்.

"என்னை எண்ணிட்டியாப்பா? நல்லா பாத்துக்கோ."

கடைசியாக ருக்குவும் அவர் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.

"நீ எங்கேம்மா போற? உன்னை எப்படி எண்ணுறது?" என்று கேட்டார் எல்லப்பன்.

"ஆறாங்கிளாசுக்குப் போறேன் சார்" என்றாள் ருக்கு. "தினமும் போவேன்."

எல்லப்பன் பென்சிலை அழுத்திப் பிடித்து, நண்டுமேட்டின் கோட்டை இன்னும் கொஞ்சம் தடிமனாக்கினார்.