துளைக்கல்லில் நின்ற ஈரம்

"நான் போட்ட டீயிலதான் விஷம்னு என் நாத்தனாரே போலீஸ்ல சொல்லிட்டா," என்றாள் அந்த அம்மாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். கணவர் பிழைத்துவிட்டார், பேச்சுதான் இன்னும் வரவில்லை. அழக்கூடத் தெம்பில்லாத முகம் அவளுக்கு.

துப்பறிவாளருக்கு ஊரார் வைத்த பெயர் கொட்டாவியார். இப்போதும் ஒரு கொட்டாவியை விட்டுவிட்டு எழுந்தார். அதற்குள் அவருடைய மைத்துனன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

கணவர் பாறை ஆய்வாளர். அணைந்த எரிமலைகள் நிறைந்த அந்த மலைப்பகுதிதான் அவருக்கு உலகம். நாலு நாள் முன்பு, மனைவி போட்டுக் கொடுத்த டீயைக் குடித்த கையோடு அவர் மயங்கி விழுந்த அலுவலக அறைக்கு எல்லோரும் போனார்கள். மேஜை முழுக்கத் தூசி படிந்த கற்கள்.

"அன்னிலேருந்து நான் எதையும் தொடல சார்," என்றார் கூட வேலை பார்ப்பவர். அறைச் சாவி அவரிடம் மட்டுமே இருந்தது.

பழக்க தோஷத்தில் அந்த அம்மாள் அங்கிருந்த அடுப்பில் எல்லோருக்கும் டீ போட்டு வந்தாள். அங்கே வந்திருந்த நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொட்டாவியார் மடமடவென்று குடித்தார்.

"மாமா, இதுல மட்டும் தூசியே இல்ல!" என்றான் மைத்துனன். துளைதுளையான கறுப்புக் கல். அடியிலிருந்த காகிதம் நமுத்திருந்தது.

கொட்டாவியார் அதைப் புரட்டினார். "எரிமலைக் குழம்பு ஆறும்போது காத்து குமிழ் விட்ட துளை இது. மேல காய்ஞ்சாலும் உள்ள ஈரம் லேசுல போகாது. நேத்து யாரோ கழுவியிருக்காங்க. ஏம்மா, உங்க வீட்டுக்காரர் கல்லை என்ன பண்ணுவார்?"

"நக்கிப் பார்ப்பார். ஈரம் பட்டாத்தான் கல்லோட நிறம் தெரியுமாம். வேண்டாம்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்."

"அப்போ விஷம் கல்லுல!" என்று துள்ளினான் மைத்துனன். "ஆனா மாமா, இந்தப் பழக்கம் இந்த அம்மாவுக்கும் தெரியுமே?"

"அவரோட ஆம்புலன்ஸ்ல ஏறினவங்க இன்னிக்குத்தான் ஆஸ்பத்திரிய விட்டு வெளிய வந்திருக்காங்க. நேத்து கழுவ இவங்களால முடியாது. சாவி வச்சிருந்தவர்தான் தொடலைன்னு பொய் சொன்னார். துளைக்குள்ள தங்கின விஷம் சோதனையில தெரிஞ்சிடும்."

கூட வேலை பார்ப்பவர் தொப்பென்று உட்கார்ந்தார். "இந்த எரிமலை எந்தக் காலத்துலயோ செத்துப்போச்சுன்னு வாழ்நாள் பூரா எழுதினேன் சார். இந்த அம்மா வீட்டுக்காரர் உறைஞ்ச எரிமலைக் குழம்புக்கு அடியில கருகின மரத்தைக் கண்டுபிடிச்சார். அதோட வயசு ரொம்பக் கம்மி. எரிமலை சாகல, தூங்குதுன்னு ஆயிடும். என் உழைப்பெல்லாம் மண்ணாப் போயிருக்கும்."

போலீஸ் வந்து அவரை அழைத்துப் போனது. கொட்டாவியாருக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை, அலுப்பாக இருந்தது.

நாத்தனார் ஆறிப்போன தன் டீயைப் பார்த்தாள். பிறகு மெல்ல, "அண்ணி, சூடா இன்னொரு டீ போட்டுத் தரீங்களா?" என்றாள்.

அந்த அம்மாள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீயே போட்டுக்கோ. எனக்கு முடியல."