கடைசி வரி தெரிகிறதா?

யாரோ தன்னைக் குறிபார்ப்பதுபோல அவளுக்கு முதுகு உறுத்தியது. திரும்பினாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் முகப்பு முழுவதும் கண்ணாடிதான். தெருவில் போகிறவர்கள் நின்று தலையைச் சரிசெய்துகொண்டு போவார்கள். உள்ளே கண் பரிசோதிக்கும் பெண் ஒருத்தி நிற்கிறாளே என்ற கூச்சமெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் எதிர்வரிசைக் கேமராக் கடை வாசலில் நின்ற அந்த ஆள் தலை சீவ வரவில்லை... முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸை முகத்தோடு அணைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணை இறுக்கி மூடி, நேராக இவள் கடைக்குள் குறிவைத்திருந்தான்.

கல்லாவில் இருந்த அம்மா நிமிரவே இல்லை. அம்மாவுக்குக் கைப்பேசியில் ஓயாத வேலை, மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது. பார்ப்பது என்றால் வெறுமனே பார்ப்பது இல்லை. நல்ல வரனாக ஒன்று அமையும். உடனே, “இதுக்கே இப்படின்னா இன்னும் கொஞ்சம் பொறுத்தா எப்படி வரும்” என்று அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தேடுவாள். உயரமானவன் போய், உயரத்தோடு சொந்த வீடும் உள்ளவன் வந்தான். அவனும் போய், தலைமுடி உதிராதவனுக்காக இப்போது காத்திருப்பு.

மகள் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு விடுவிடுவென்று தெருவைக் கடந்தாள்.

“சார், எதைப் படம் எடுக்கறீங்க?”

அவன் லென்ஸை இறக்கினான். திடீரென்று பக்கத்தில் ஒரு முகம் வந்ததும் இரண்டடி பின்வாங்கி, கேமராக் கடை விளம்பரப் பலகையில் இடித்துக்கொண்டான்.

“உங்க சுவரை...”

“சுவரையா?”

“சுவத்துல மாட்டியிருக்கற எழுத்து அட்டையை. லென்ஸ் துல்லியமா இருக்கான்னு பாக்கணும்னா பொடி எழுத்து வேணும். இந்தத் தெருவிலேயே பொடி எழுத்து உங்க அட்டையோட கடைசி வரிதான்.”

அவள் நம்பவில்லை. கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். அட்டை. மறுபடி அட்டை. இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் அட்டை. கடைசிப் படத்தின் ஓரத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு தீற்றல். அவளுடைய துப்பட்டா, கோபமாகக் கிளம்பிய நேரத்தில் பதிந்தது. இத்தனை நீள லென்ஸை வைத்துக்கொண்டு ஒருவன் தன்னை ஒரு படம்கூட எடுக்கவில்லை என்பதில் அவளுக்கு நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். என்னவோ, கொஞ்சம் சப்பென்று இருந்தது.

அவன் தன் சோகத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். மோட்டார் அறை எப்போதும் மொட்டை மாடியில்தான் இருக்கும். அப்படி ஒரு மாடியில் வேலை செய்தபோது எதிர்த் தண்ணீர்த் தொட்டியின் மேல் பருந்து ஒன்று கூடு கட்டியதைப் பார்த்திருக்கிறான். பிடித்தது சனி. முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கினான், பருந்து கடுகு அளவுக்குத் தெரிந்தது. அதை விற்றுவிட்டு நானூறு, மிளகு அளவு. இரண்டிலும் கலங்கல். இப்போது ஐந்நூறு, வாங்குமுன் சோதனை.

“இதுலயும் பாருங்க, கடைசி வரி கலங்கித்தான் இருக்கு” என்றான் பரிதாபமாக.

“அதுக்குத்தான் சார் சொல்றேன், அறுநூறு எடுத்துக்குங்க” என்று உள்ளேயிருந்து கேமராக் கடைக்காரர் குரல் கொடுத்தார். நல்ல மனுஷர்தான். வாடிக்கையாளர் கலங்கும்போதெல்லாம் நூறு கூட்டிச் சொல்வது அவர் வழக்கம்.

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். கடைசி வரி செதுக்கி வைத்ததுபோல் இருந்தது. எழுத்துக்களை ஒன்றுவிடாமல் படித்தும் காட்டினாள்.

அவன் சிரித்தான். “உங்க கடை அட்டை. உங்களுக்கு மனப்பாடமா இருக்கும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. படிப்பை, தொழிலை, கண்ணை, மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சந்தேகப்பட்ட முதல் ஆள் இவன்தான். “கொஞ்சம் கடைக்கு வாங்க” என்றாள். அந்தக் குரலில் கூப்பிட்டால் யாரும் வந்துதான் ஆக வேண்டும்.

*

கண்களைப் பார்ப்பது அவள் பிழைப்பு. காலையிலிருந்து மாலைவரை கறுப்பு, பழுப்பு, சிவந்தது, உறக்கம் போதாதது என்று எத்தனையோ கண்களுக்குள் விளக்கடித்துப் பார்ப்பவள். ஒன்றிலும் தடுக்கி விழுந்ததில்லை. இருட்டறையில் இவனுடைய தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, குனிந்து, ஒளியை உள்ளே செலுத்தினாள். தேன் நிறம். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் அடர்ந்து... இமை மயிர்களோ, ஆம்பளைக்கு எதற்கு இவ்வளவு நீளம் என்று கேட்கும்படி. எதற்காகக் குனிந்தோம் என்பதே ஒரு கணம் மறந்துபோனது.

“ஏதாவது தெரியுதா மேடம்?”

“பேசாதீங்க. தாடை ஆடுது.”

தாடை ஆடவே இல்லை. அதை அவள் ஏன் சொல்லப்போகிறாள்?

விஷயம் சுலபமானது. அவன் கருவிழி ஒருபக்கம் கூடுதலாக வளைந்திருந்தது. அவனுக்கு உலகமே லேசாகத் தீற்றியதுபோல்தான் தெரியும். அது லென்ஸின் குற்றம் என்று நினைத்து லென்ஸ் லென்ஸாக மாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். சோதனைச் சட்டத்தை அவன் மூக்கில் மாட்டி, வில்லையைச் செருகி, மெல்லத் திருப்பினாள்.

“நிறுத்துங்க” என்றான். குரல் இறங்கியிருந்தது.

அட்டையின் கடைசி வரியை, ஒன்றாம் வகுப்புப் பையன்போல, ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடித்தான். பிறகு திரும்பி அவளைப் பார்த்தான்.

“உங்க கன்னத்துல ஒரு மச்சம் இருக்கு.”

“பொறந்ததுலேர்ந்தே இருக்கு” என்றாள். சொன்ன பிறகு கன்னம் சுட்டது.

அதோடு நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த நொடியே அவனுக்குக் கணக்கு உறைத்துவிட்டது. விற்றுத் தொலைத்த முந்நூறு, நானூறு, எல்லாமே நல்ல லென்ஸ்கள். இத்தனை நாளும் தன் கண்ணிலேயே இருந்த குறை ஒரு பெண்ணின் முன்னால் வெளிவந்து தொலைக்கிறதே என்ற அவமானம் வேறு. முகம் சுருங்கிப்போயிற்று. கண்ணாடி போட்டால் கேமராவில் கண் ஒட்டாது, அது இது என்று முணுமுணுத்தான். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தான்.

யோசிக்கவே இல்லை. முகப்புக் கண்ணாடி வழியாக அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நேராக எதிர்க் கடைக்குள் போய், அந்த ஐந்நூறுக்கே பணத்தைக் கட்டி, பெட்டியோடு வெளியே வந்தான். போகும்போது இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில் வீம்பு இருந்தது. அவளுக்கு ஏன் அழுகை வந்தது என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

“அந்தப் பீரங்கிக்காரர் கண்ணாடி வாங்கலையா?” என்றாள் அம்மா.

“அவருக்குப் பீரங்கி போதுமாம்.”

*

பிறகு மழை பிடித்துக்கொண்டது. தெருவில் ஓடிய தண்ணீரில் கேமராக் கடையின் விளக்குகள் நெளிந்தன. மனிதர்கள் இல்லாத கடையில் அவள் துடைத்த கண்ணாடிகளையே துடைத்துக்கொண்டிருந்தாள். குடை பிடித்து யார் வந்தாலும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

அவன் குடை இல்லாமல் வந்தான். கேமரா மட்டும் பிளாஸ்டிக் பையில் பத்திரமாக, சட்டைக்குள் இருந்தது. ஆள் தொப்பலாக நனைந்திருந்தான்.

கூட்டிலிருந்த குஞ்சு இன்று முதல்முறையாகப் பறந்ததாம். அவன் மாடியில்தான் இருந்தானாம். லென்ஸ் தானாகவே சரியாகக் குவித்ததை இவன் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிகிறதென்று நம்பாமல், கையால் திருகிக்கொண்டே இருந்திருக்கிறான். திருகி முடிப்பதற்குள் குஞ்சு போயே போய்விட்டது.

“நீங்க சொன்னதைக் கேட்டிருந்தா...” என்றான். இமைகளில் மழை சொட்டியது. “கண்ணாடி செஞ்சு குடுங்க மேடம்.”

சொன்னேனே, கேட்டீர்களா என்று குத்திக்காட்ட எத்தனையோ வாக்கியங்களை அவள் தயாராக வைத்திருந்தாள். அவற்றுக்குப் பதிலாகத் துண்டை எடுத்து நீட்டினாள்.

*

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் ஆசாமி யார்? கறுப்புச் சட்டமிட்ட கண்ணாடியை வாங்கிப்போன வாரமே வந்து, மூக்கில் அழுத்துகிறது என்றான். லேசான உலோகச் சட்டம் கொடுத்தாள். அது காதில் உறுத்துகிறது என்றான். அடுத்து சட்டமே இல்லாதது. அது ஆடுகிறது என்று மறுபடி பழைய கறுப்புச் சட்டத்துக்கே வந்தான். ஒவ்வொரு தடவையும் அவள் அவன் முன்னால் நின்று, காதோரம் விரல் வைத்து, காம்பை வளைத்து, மூக்கின்மேல் சரிபார்க்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் மட்டும் அவன் மூச்சுகூட விடாமல் சாதுவாக உட்கார்ந்திருப்பான்.

அம்மாவின் தலைக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. ‘பவர் போட்டுச் செய்த கண்ணாடி திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பெரிதாக. அதன் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி. அந்தப் பலகையின் கௌரவத்தை மகள் காற்றில் பறக்கவிடுவதை அம்மா கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். கேமராக் கடைக்காரரும் ஒருநாள் வந்து, உங்கள் பெண்ணால் எனக்கு ஒரு நல்ல வாடிக்கையாளர் போய்விட்டார் அக்கா, இப்போது லென்ஸ் பக்கமே திரும்புவதில்லை, எல்லாம் இங்கேதான் இறங்குகிறது என்று புலம்பிவிட்டுப் போனார்.

அதைக் கேட்டதிலிருந்து அவள் மனதில் ஒரு முள். முதலில் அவன் வருவதே சந்தோஷமாக இருந்தது. இப்போதோ ஒவ்வொரு வருகையையும் எண்ணத் தொடங்கினாள். இவன் குணமே இதுதானோ? கையில் இருப்பதை வைத்துக்கொள்ளத் தெரியாத ஆளோ? அன்றைக்குப் பார்த்து அம்மா கைப்பேசியை நீட்டி, “இந்தப் பையன் பரவாயில்லை, ஆனா இன்னும் ஒரு மாசம் பாப்போம்” என்றாள். பார்த்துப் பார்த்து மாற்றும் ஜாதி ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருக்கிறது, இன்னொன்றா என்று அவளுக்குத் தோன்றிய அதே வேளையில் கதவு திறந்தது.

கறுப்புச் சட்டக் கண்ணாடியைப் போட்டிருந்தான், முதலில் வாங்கினதை. தோளில் கேமரா.

“இது கொஞ்சம் இறங்குது...” என்று தொடங்கினான்.

“ஒண்ணும் இறங்கலை” என்றாள் அவள். “உங்களுக்கு எதுவுமே தங்காது. முந்நூறு இருந்தா நானூறு, நானூறு இருந்தா ஐந்நூறு. இங்க வந்தா சட்டம் மேல சட்டம். இப்படிப்பட்ட ஆளை நம்பி ஒருத்தி... நாளைக்கு என்னையும்...”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். காலம் கடந்துவிட்டது. ‘என்னையும்’ கடையெல்லாம் நிறைந்து நின்றது. கல்லாவில் கைப்பேசி மேசைமேல் கவிழ்ந்தது.

அவன் தோளிலிருந்து கேமராவை இறக்கி அவள் முன்னால் வைத்தான். அதில் மாட்டியிருந்தது பீரங்கி இல்லை. விளிம்பில் வண்ணம் உரிந்த ஒரு சின்ன லென்ஸ்.

“கண்ணாடி போட்டுட்டு பழைய படத்தையெல்லாம் எடுத்துப் பாத்தேன். முந்நூறுல எடுத்ததுகூட அவ்வளவு துல்லியமா இருந்துது. ஐந்நூறைக் குடுத்துட்டு இதையே திரும்ப வாங்கிட்டேன்.”

“அப்ப பருந்து கடுகு மாதிரிதானே தெரியும்?” குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“தெரியட்டும். ஐந்நூறுல உங்களைப் படம் எடுக்கணும்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிக்கணும். இதுன்னா கடைக்குள்ளயே நிக்கலாம். எனக்கு அந்தப் பக்கம் போக மனசில்லை.” கண்ணாடிக்குப் பின்னால் தேன் நிறம் தளும்பியது. “சட்டம் எதுவும் உறுத்தலைங்க. சரிபண்றப்ப நீங்க பக்கத்துல வருவீங்க, அதுக்காகத்தான். சட்டத்தைத்தானே மாத்துனேன்... ஒரு தடவையாவது கடையை மாத்துனேனா?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கையை நீட்டி, இறங்காத கண்ணாடியை அவன் மூக்கின்மேல் ஒருமுறை ஏற்றிவிட்டாள். அதுதான் அவள் சொன்ன பதில். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

அம்மாவுக்குப் போதவில்லை. தொண்டையைக் கனைத்தாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள். உயரம் பரவாயில்லை, முடிகூட இருக்கிறது... இன்னும் ஒரு மாதம் பார்க்கலாமா என்று வாய்வரை வந்திருக்கும். மகள் முகத்தைப் பார்த்தாள். வந்ததை விழுங்கிக்கொண்டு, தலைக்கு மேலே விரலை நீட்டினாள்.

“தம்பி, அந்தப் பலகையில கடைசி வரி தெரியுதா?”

அவன் நின்ற இடத்திலிருந்தே நிமிர்ந்து பார்த்தான். பொடி எழுத்துதான். ஒரு எழுத்துகூடக் கலங்கவில்லை.

“மாற்றித் தரப்படவும் மாட்டாது” என்று நிறுத்தி நிதானமாகப் படித்தான்.

“சம்மதமா?”

“சம்மதம் அத்தை” என்றான்.