மூன்று இழுப்பு

வேனுக்குள் காற்று வீசும் அந்த ஃபேன் முதன்முதலில் எங்கே நின்றது என்று ஜெரால்டுக்குச் சரியாக நினைவில்லை. பழையகாயல் தாண்டியபிறகு என்று சில சமயம் தோன்றும். இல்லை, கல்லறைத் தோட்டத்திலிருந்து கிளம்பியபோதே அது விட்டுவிட்டுத்தான் ஓடியது என்றும் தோன்றும். அது நின்ற விதம் பிடிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

வேன் ஜாக்சனுடையது. ஜெரால்டின் தங்கை விஜிலாவின் கணவன். சங்கு குளிக்கப் போகும்போது கம்ப்ரசரையும் காற்று ஹோஸையும் ஏற்றிப்போன பழைய வண்டி. போன மாதம் ஜாக்சன் கடலுக்கடியில் செத்துப்போனான். வண்டியை விற்றுவிடலாம் என்று ஜெரால்டு சொன்னபோது விஜிலா சம்மதிக்கவில்லை.

“அவிய வண்டிண்ணே. ஓடட்டும்.”

ஜாக்சனின் கல்லறைக்குப் போய்வந்த அன்று இருவரும் வண்டியை ஆறுமுகநேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வண்டி எலெக்ட்ரீசியன் அருணாசலவடிவு ஃபியூஸை மாற்றினார். சுவிட்சை மாற்றினார். அவர் முன்னால் ஃபேன் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

“ஏலே, எங்கிட்ட நல்லபிள்ளையா ஓடுது. ஒன்னயக் கண்டாத்தான் அதுக்கு ஆவல” என்று சிரித்தார். “வழியில நின்னா, டேஷ்போர்டுக்குக் கீழ தலைய விட்டு ஒவ்வொரு வயரா லேசா இழுத்துப் பாரு. எத இழுக்கும்போது விட்டுவிட்டு ஓடுதோ, கோளாறு அதுலதான்.”

“சரி அண்ணாச்சி” என்றான் ஜெரால்டு. விஜிலா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில், இருபக்கமும் உப்பளம் வெயிலில் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்த இடத்தில், ஃபேனின் இரைச்சல் ஒருமுறை இழுத்து நின்றுபோக, அதன் கம்பித் துவாரங்களிலிருந்து புழுங்கிய சிப்பி நாற்றமும் ரப்பர் வாடையும் மெல்ல மெல்ல வந்து அவன் மூக்கிலும் தொண்டையிலும் ஈரமாகப் படிந்தன. ஃபேன் மறுபடி ஓடியது. நின்றது. ஓடியது. நின்றது. ஓடியது. பிறகு நெடுநேரம் சத்தமே இல்லை. மறுபடி அதேபோல் மூன்று தடவை.

அவன் வலது கால் தானாக ஆக்சிலரேட்டரிலிருந்து எழும்பியது.

கடலுக்கடியில் இருப்பவனுக்குப் பேச்சு கிடையாது. காற்று வரும் ஹோஸை இழுத்துத்தான் சொல்லுவான். ஒரு இழுப்பு என்றால் ஹோஸை இன்னும் விடு. மூன்று என்றால் என்னைத் தூக்கு. அதனால் படகில் இருப்பவன் ஹோஸைக் கையிலிருந்து விடவே கூடாது. ஜாக்சன் செத்த அன்று படகில் ஜெரால்டு அதை வலது காலால் மிதித்துக்கொண்டு கைபேசியில் லூடோ ஆடிக்கொண்டிருந்தான். பாதத்தில் மூன்று முறை சுண்டியது. இந்த ஆட்டம் முடியட்டும் என்று நினைத்தான். மறுபடி மூன்று. கடைசிக் காய் வீடு சேரவிருந்தது. அப்புறம் ஒன்றும் சுண்டவில்லை.

ஜாக்சனை மேலே கொண்டுவந்தபோது ஹோஸைப் பிடித்திருந்த அவன் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. ஹோஸ் பாறையில் சிக்கிவிட்டது, ஒரு இழுப்புகூட வரவில்லை என்று ஜெரால்டு சொன்னான். படகுக்காரர்கள் நம்பினார்கள். மாதா கோவில் சாமியார் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். இப்போது நினைத்தாலும் அந்தத் தோள் கூசியது.

வண்டியை ஓரங்கட்டி அணைத்தான். சாவியை விஜிலா எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் கீழே இறங்கி, வண்டிக்குள் குனிந்து, முதலில் கழன்ற வயர் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தான்.

“அண்ணே.”

“என்னளா?”

“அன்னைக்கு அவிய இழுக்கவே இல்லையா?”

சிவப்பு வயரை இழுத்தான். ஒன்றுமில்லை. மஞ்சள் வயர். ஒன்றுமில்லை. முகத்தை அவள் பார்க்க முடியாத இடத்தில் வைத்திருப்பது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியே அவனைக் குன்றவைத்தது.

“இல்லளா. எத்தன தடவ சொல்லுதது? ஒண்ணும் வரல.”

கறுப்பு வயரைப் பிடித்தான். லேசாக இழுத்தான்.

அது திருப்பி இழுத்தது.

ஒன்று.

விரல்கள் வயரை இறுக்கிப் பிடித்தன.

இரண்டு. மூன்று.

வயர் ஈரமாக இருந்தது. உப்புத்தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. சாவி இல்லாத வண்டியில் ஃபேன் ஓடத் தொடங்கியது. காற்று வரவில்லை. உள்ளே இழுத்தது. யாரோ மூச்சுக்குத் தவிப்பதுபோல்.

வயரை விட்டுவிட்டான்.

அன்றுபோலவே, மறுபடியும் விட்டுவிட்டான்.

அவன் தலைக்கு மேலாக விஜிலாவின் கை நீண்டு வந்து அதைப் பிடித்தது. மூன்று முறை அவள் மணிக்கட்டு வெட்டியது. வளையல் குலுங்கியது. அவள் அவனைப் பார்த்தாள். பிறகு ஹோஸை இழுப்பதுபோல் ஒரு கைக்கு மேல் மறுகை வைத்து இழுக்கத் தொடங்கினாள்.

சாவியில்லாமல் ஃபேன் ஓடியதைக் கேள்விப்பட்டு, அந்த வண்டியைத் தன் கடைப்பக்கம் கொண்டுவர வேண்டாம் என்று அருணாசலவடிவு சொல்லிவிட்டார். ஜெரால்டு கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு உப்பளத்தில் வேலை பார்க்கிறான். உண்மையை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. வலது பாதத்தைத் தரையில் அழுத்தி ஊன்றமாட்டான். வாதம் என்று ஊர் நினைக்கிறது. வேன் விஜிலாவின் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. பேட்டரியை அன்றே கழற்றியாயிற்று. மத்தியானங்களில் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டால் அவள் போய், கதவைத் திறந்து, இருக்கையில் உட்கார்ந்து இழுக்கிறாள். அவள் காலடியில் ஈரமாகச் சுருண்டு குவிந்து, வயர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.